உருவாரம்

பச்சை விளக்கு எரியவில்லை.

சொல்லித்தர வந்தவள் மண்டியிட்டுத் தானே அமுக்கிக் காட்டினாள். எரிந்தது. எழுந்துகொண்டாள்.

துளசிமணி அமுக்கினாள். எரியவில்லை.

மில் கேன்டீனின் தரையில் பாய் விரித்து அந்த உருவத்தைக் கிடத்தியிருந்தார்கள். தலை, கழுத்து, நெஞ்சு. இடுப்போடு முடிந்துவிடும். முதலுதவி சொல்லித்தர அவள் சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. நெஞ்சு இரண்டு அங்குலம் உள்ளே போனால் தோளோரம் விளக்கு பச்சையாக எரியும்.

அவ்வளவுதான் விஷயம்.

காலையிலிருந்து ஒருத்தியாலும் அதை எரியவைக்க முடியவில்லை.

பலம் இல்லை என்று சொல்ல முடியாது. நூல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கித் தோளில் போடுகிறவர்கள். கை சரியான இடத்தில்தான் இருந்தது. முழங்கை மடங்கவில்லை. உடம்பின் எடை மட்டும் கடைசி நொடியில் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

அவள் திரும்பவும் விளக்கினாள். இதயம் நின்றால் ரத்தமும் நின்றுவிடும். நெஞ்சை அமுக்கினால் அது மூளைக்கு ஏறும். விட்டால் இதயம் மறுபடி நிறையும். நின்றுபோன பம்புக்கு நம் கைதான் மோட்டார். தடவிக்கொடுத்தால் ஏறாது.

இந்த இடம் வரும்போது வழக்கமாக அவளுக்கு உற்சாகம் பொங்கும். இன்று மனப்பாடம் போல ஒப்பித்தாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு தடவிக்கொடுத்தார்கள்.

துளசிமணியைப் பார்க்கத்தான் ஆற்றாமையாக இருந்தது. மற்றவர்கள் மேனேஜர் சொன்னதற்காக வந்தவர்கள். இவள் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு தானாக வந்தவள். ஐப்பசியில் இவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, பிழைத்துக்கொண்டார். இன்னொரு முறை வந்தால், ஊருக்கு வெளியே இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை வீட்டில் யாராவது அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டில் இருப்பது இவள் ஒருத்திதான்.

மாலை ரயிலில் அவள் சென்னைக்குக் கிளம்பியாக வேண்டும்.

இத்தனைக்கும் இந்த வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. மற்ற ஊர்களில் பொம்மை என்று சொன்னால் போதும், ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் இந்த முறை அகராதியைப் புரட்டி ஒரு நல்ல சொல்லைப் பிடித்து வந்திருந்தாள். மனித வடிவில் செய்த உரு என்று பொருள் போட்டிருந்தது. வந்ததும் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்.

உருவாரம்.

கூடம் அப்படியே அடங்கிவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். பாயைச் சுற்றிச் சுற்றிப் போனார்களே தவிர, ஒருத்தியும் குறுக்கே தாண்டவில்லை. ஒரு சொல்லுக்கு இத்தனை மரியாதையா என்று அவள் உள்ளூர மகிழ்ந்துபோயிருந்தாள்.

துளசிமணி நெஞ்சில் வைத்த கையை மறுபடியும் எடுத்துவிட்டாள்.

"அழுத்துங்கம்மா. உடைஞ்சா போயிடும்?"

கேட்ட பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது.

துளசிமணி தரையைப் பார்த்தாள்.

பின்வரிசையிலிருந்த மயிலாத்தாள் பக்கத்திலிருப்பவளிடம் சொல்வது போல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "டீச்சருக்கு உருவாரம்னா என்னன்னே தெரியாதாட்ட இருக்குது."

அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். வீட்டில் ஒருவர் நோவில் விழுந்தால் வேண்டிக்கொள்வார்கள். எழுந்துவிட்டால், குயவரிடம் சொல்லி அவரைப் போலவே மண்ணில் ஓர் உரு செய்து, கோவிலில் கொண்டுபோய் வைப்பார்கள். அதுதான் உருவாரம். வைத்த பிறகு அதன் மேல் கை படக்கூடாது. அது அங்கே முழுசாக நிற்கும்வரை ஆளும் இங்கே முழுசாக இருப்பார்.

ஒருவேளை அது உடைந்துவிட்டால்?

அதை யாரும் சொல்லவில்லை.

"போன மாசந்தானுங்க டீச்சர், எங்க ஊட்டுக்காரருக்கு ஒன்னு வெச்சேன்," என்றாள் துளசிமணி.

அவளுக்கு முகம் எரிந்தது. காலையிலிருந்து இவர்களைச் சாமிக்கு வைத்த உருவின் மேல் கை ஓங்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். போய்க் கரும்பலகையை உள்ளங்கையாலேயே அழித்தாள்.

பாயில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். உருவத்தின் நெஞ்சுத்தோலை, கொக்கி கொக்கியாக விடுவித்து உரித்து எடுத்தாள்.

உள்ளே தடித்த ஒரு ஸ்பிரிங். அதன் மேல் ஒரு தகடு. தகட்டிலிருந்து விளக்குக்குப் போகும் ஒற்றை ஒயர். வேறு ஒன்றுமில்லை.

கூட்டம் நெருங்கி வந்தது. மயிலாத்தாள் எட்டி விரலால் குத்திப் பார்த்தாள். நம்ம மெசின்ல இருக்கிறதாட்டமேதான் என்றாள். அவரவர் வேலை செய்யும் மெஷினில் எந்த ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. இந்தப் பக்கம் இடம் போதாமல் ஒருத்தி பாயைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.

துளசிமணி ஸ்பிரிங்கின் மேல் கை வைத்து, அடிவரைக்கும் அமுக்கிப் பார்த்தாள். விட்டாள். அது குதித்து எழுந்தது.

"எங்க ஊட்டுக்காரருக்கும் உள்ள இப்படித்தானுங்களா?"

ஆமாம் என்றாள் அவள். ஸ்பிரிங்குக்குப் பதில் விலா எலும்பு. அமுக்கினால் போகும், விட்டால் வரும். எலும்பு ஒன்றிரண்டு முறிந்தால்கூடப் பரவாயில்லை, நிறுத்தக் கூடாது. எலும்பு கூடிவிடும்.

தோலைத் திரும்ப மாட்டினாள். மறுபடியும் அது கண்மூடிக் கிடக்கும் ஓர் ஆளாகிவிட்டது.

துளசிமணி தயங்கினாள். அமுக்குவதற்கு முன்னால் தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் முதல் படி.

"இனி இத என்னன்னுங்க கூப்படறது?"

அகராதியில் அதே பக்கத்தில் இன்னும் நாலைந்து சொற்கள் இருந்தன. ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"வீட்ல அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

யாரோ சிரித்தார்கள். துளசிமணி சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். இரண்டு தோளையும் தட்டினாள்.

"ஏனுங்க."

பதில் இல்லை.

"ஏனுங்க."

உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்தாள். மறு கையை அதன் மேல் கோத்தாள்.

நெஞ்சு இரண்டு அங்குலம் உள்ளே போனது. விட்டாள். மேலே வந்தது.

மறுபடி அமுக்கினாள்.