எலும்பு யாருக்கு

அப்பா வழியில் மலைச்சீமை, அம்மா வழியில் கடற்கரைச்சீமை என்று எபர்வின் பிரபுவுக்கு இரண்டு சீமைகள். நடுவே கிடந்ததெல்லாம் அடுத்தவன் மண். அங்கேதான் ஒரு சத்திரத்தில் காய்ச்சல் அவரைப் படுக்கையில் சாய்த்தது. வெளியூரில் செத்த பிரபுவை வேகவைத்து, எலும்பை மட்டும் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோவது அந்தக் காலத்து ஜெர்மானிய வழக்கம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் ஊர் திரும்பினார். முற்றத்தில் மணல் போட்டு அண்டா தேய்க்கும் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் இரண்டு சீமைக் காரியஸ்தர்களும் விடிய விடிய மல்லுக்கட்டி ஒருவழியாக முடிவுக்கு வந்தார்கள். எலும்பு மலைக்கு, இதயம் கடற்கரைக்கு.

விடிந்ததும் காய்ச்சல் விட்டது. எபர்வின் எழுந்து உட்கார்ந்து, "குதிரைக்குச் சேணம் போடுங்க" என்றார்.

யாரும் நகரவில்லை. மலைச்சீமைக் காரியஸ்தன் வோல்க்மார் கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்தான்.

"படுத்துக்கோங்க பிரபு," என்றான் மெல்ல. "தண்ணி கொதிச்சிடுச்சு."