அஞ்சலிப் போஸ்டரின் முகம்

ஷிபுவின் ஸ்டுடியோவில் அஞ்சலிப் போஸ்டருக்கு ஒரே ஃபைல்தான். அடுத்த சாவு வரும்வரை கடைசியாக இறந்தவரின் முகம் அதிலேயே கிடக்கும்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட்டு, எழுத்துகள் ஒழுங்காக வருகின்றனவா என்று அந்த ஃபைலைத் திறந்தான். பழையதில் கடைசியாக இறந்த ததேயூஸ் மாமாவின் முகம் இருந்தது. புதியதில் இருந்தது ஷிபுவின் தம்பி மெல்பின். அவன் போட்டிருந்த பச்சைச் சட்டையை ஷிபு பார்த்ததே இல்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. மெல்பின் வெள்ளைச் சட்டையில் இறங்கியதும் ஷிபுவுக்கு மூச்சு வந்தது.

“அண்ணா, விசாவுக்கு ஒரு போட்டோ எடு.”

“கேமரா கேடாயிட்டு மக்கா. இன்னைக்கு வேண்டாம்.”

“சாரமில்ல, விடு. போன வாரம் நெய்யாற்றின்கரையில எடுத்தது ஒண்ணு உண்டு. அனுப்புறேன், பிரிண்ட் போட்டு வை.”

ஷிபுவின் போன் அதிர்ந்தது. திரையில் அதே பச்சைச் சட்டையில் மெல்பின் நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.