பாலிஷ் போட்ட வாட்ச்

லஸ் முனை காபிக் கடை வாசலில், உயரமான வட்ட மேஜையருகே நின்றபடி பிரபாகர் அந்தக் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பழைய வாட்சுகளைத் தேடித் தேடி வாங்குகிறவர். போன வாரம் இதே இடத்தில் இதைக் காதில் வைத்துக் கேட்டபோது முகப்பு வெயிலில் பழுத்து டீக்கறை நிறத்தில் இருந்தது. அந்த நிறத்துக்காகத்தான் வாங்க வந்திருக்கிறார். இன்று அது பாலாக வெளுத்து, புது எண்களோடு மினுங்குகிறது. எதிரே நொச்சிக்குப்பத்து மரியசூசை சிரிக்கிறார். "நல்லவங்க கைக்குப் போவுதேன்னு பெயின்ட் அடிச்சி, பாலிஷ் போட்டு எடுத்தாந்தேன் சார். செத்துப்போன எங்க நைனா வந்து பாத்தாகூட அவரு வாட்சுன்னு நம்பமாட்டாரு." பிரபாகர் முகப்பைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி உற்றுப் பார்க்கிறார். காபியில் ஆடை படிகிறது. திரும்பும் பஸ்ஸின் கண்ணாடி வெளிச்சம் மேஜைமேல் ஓடி மறைகிறது. "இன்னா சார், மாத்திட்டேன்னு நெனைக்கிறியா? பின்னாடி பாரு, கப்பல் வேலைக்குப் போனப்ப நைனா ஆணியால பேரு கீறி வச்சிக்கிறாரு." அவரே வாங்கித் திருப்புகிறார். பின்மூடி வழுவழுவென்று இருக்கிறது; அதில் தெரிவது மரியசூசையின் முகம்தான். கட்டைவிரலால் தேய்க்கிறார். வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி தேய்க்கிறார். "இங்கதான் சார் இருந்திச்சி." சாவி கொடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். சிரிப்பு போய்விட்டது. வாட்சைப் பிரபாகரிடம் நீட்டுகிறார். "போன வாரம் நீ கேட்டியே சார், இதே சத்தம்தானா?"