மனம் நிறைந்தால் திரும்பும் கார்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் நாளைக் காலை எனக்குக் காபி கிடைக்காமல் போகட்டும்.

சூலூர் கோகுலுக்கு எழுபது வயது. அவரும் மனைவி யாழினியும் வால்பாறை வரை ஆற அமரப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாமென்று தங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறினார்கள். இரண்டே பேர் உட்காரும் குட்டிக் கார், தானே ஓடும். உள்ளே இருக்கும் இருவர் முகத்திலும் உண்மையான சந்தோஷத்தைக் கண்டால்தான் வீட்டுப் பக்கம் திரும்பும்.

இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். வால்பாறை, ஊட்டி, ஏற்காடு எல்லாம் முடிந்து கார் கொல்லிமலை ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தால் போதுமென்றிருந்தது கோகுலுக்கு. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் காட்டினார்.

“ஐயா சிரிப்பு உதட்டோட நின்னுருச்சுங்க,” என்றது கார். “இன்னொரு மலை பார்த்தரலாமுங்க.”

அவர் சோர்ந்து சாய்ந்தார். “ஏம்புள்ள, உனக்காகத்தான் இந்தக் கருமத்தை வாங்கினேன். எனக்கு மலைன்னாலே கொமட்டும்.”

யாழினி அவரையே பார்த்தாள். “எனக்குந்தானுங்க. நீங்க ஆசைப்படறீங்களேன்னு, கல்யாணமான நாள்லருந்து வாந்தியை முழுங்கிட்டு உங்ககூட மலை ஏறறேன்.”

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கார் மறுபேச்சில்லாமல் சூலூர் பக்கம் திரும்பியது.

கம்பெனியிலிருந்து அந்தக் காருக்கு இன்னும் சக்கரங்கள் வந்து சேரவில்லை.