குழலுக்குள் இருந்த ஊத்தை

றிவோல்வரின் உருளையைத் திறந்து, குழலின் பின்பக்கத்தில் என் பெருவிரல் நகத்தை வைத்து, வாய்ப்பக்கத்தால் உள்ளே பார்த்தேன்.

"பிழை துவக்கிலையோ, உவனிலையோ? அதை மட்டும் சொல்லு, தம்பி" என்றார் கனகலிங்கம் அண்ணை. இயக்கத்தின் பொறுப்பாளர்.

சாவகச்சேரியில் தண்ணிப் பம்ப் திருத்துகிற லேத் கடை என்னுடையது. குழாய் என்றால் எனக்குத் தெரியும் என்று அவருக்கொரு நம்பிக்கை.

'உவன்' குருநகர் வின்சன்ற். எண்ணெய்ப் பீப்பாவில் குந்தியிருந்தான். காட்டிக்கொடுத்தவர் என்று சொல்லி, தபால்காரர் தம்பிஐயாவைச் சுட நேற்றுப் பின்னேரம் அனுப்பப்பட்டவன். பத்து யார் தூரத்தில் நின்று இரண்டு வெடி வைத்தும் படவில்லை, ஆள் ஓடிவிட்டார், குழலில் ஊத்தை என்று வந்து சொல்லியிருந்தான்.

ஊத்தை இல்லையென்றால், தம்பிஐயாவுக்கு வைத்திருந்தது வின்சன்ற்றுக்கு.

குழலின் உட்சுவரில் சுருள் வாய்க்கால்களாகத் தவாளிப்பு வெட்டியிருக்கும். அதில் ஈயம் அப்பினால் குண்டு சுழலாது. சுழலாத குண்டு நேரே போகாது. அந்த ஈயத்தைத்தான் தேடினேன்.

நகத்தில் பட்ட வெயில் உள்ளே போயிற்று.

ஆறு வெள்ளி வாய்க்கால்கள். ஒன்றையொன்று தொடாமல், ஒரே சீராக வளைந்து வளைந்து அந்த முனைக்குப் போயின. வலம்புரிச் சங்குக்குள் நடந்து போனால் இப்படித்தான் இருக்கும். ஆளைக் கொல்லுகிற சாமானுக்குள், ஒருவரும் எட்டிப் பார்க்காத இடத்தில், எதற்கு இவ்வளவு அழகு?

நடுவில் ஒரு இழை மின்னியது.

சிலந்திவலை. அதன் நடுவில் கடுகளவு சிலந்தி, தன் பாட்டில் இருந்தது.

நேற்று இரண்டு வெடி போன குழலுக்குள் புகைக்கரி படிந்திருக்கும்; சிலந்தி குடியிருக்காது.

வின்சன்ற் சுடவில்லை. துவக்கைக் கொண்டுபோகவே இல்லை. எங்கோ வேலி ஓலைக்குள் செருகிவிட்டு, இரண்டு குண்டைக் கடலில் எறிந்துவிட்டு, வெறுங்கையோடு போய் அந்த மனுசனை ஓடச் சொல்லியிருக்கிறான்.

அவன் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சை தா, நானும் பாப்பம்." அண்ணை எழும்பினார்.

கிறீஸ் பிரண்ட கையால் ஒரு சீலைத்துண்டை உருட்டி, கம்பியால் குழலுக்குள் தள்ளினேன். மறுபக்கத்தால் கறுப்பாக வந்து விழுந்தது.

"பாருங்கோ அண்ணை. உதாலை சுட்டால் பனையிலையும் படாது."

அவர் சீலையைப் பார்த்தார். என் கையைப் பார்க்கவில்லை.

"நீ கும்பிட்டிட்டுச் சுட்டிருந்தாலும் பட்டிராதடா" என்று வின்சன்ற்றின் தலையில் தட்டிவிட்டு வெளியே போனார்.

அடுத்த கிழமை, முன்பின் தெரியாத ஒருவன் கடைக்கு வந்தான். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு றிவோல்வரை நீட்டினான்.

"வின்சன்ற் அனுப்பினவன். இதிலையும் ஊத்தை இருக்குமாம்."

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஆறு வாய்க்கால்களும் துளி மாசில்லாமல் சுழன்று சுழன்று வெளிச்சத்துக்குள் போயின.

"ஓம், இருக்கு" என்றேன்.