முதல் நாள் பாடம்

ஒட்சிசன் மாஸ்க்கோடு ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும்போல் வலித்தது.

"நேற்றுக் காலமை ஆழ்கடலில சுழியோடிட்டு, பின்னேரமே நுவரெலியாவுக்குப் போனவரோ?" டொக்டர் கேட்டார்.

"ஓம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க," என்றாள் மனைவி பத்மாசனி.

"உடன மலையில ஏறினால் காற்றழுத்தம் குறைஞ்சு இரத்தத்தில குமிழி வரும். ஒரு நாளாவது பொறுத்திருக்க வேணும். நிலாவெளியில எனக்குச் சுழியோடப் பழக்கின மாஸ்டர் முதல் நாளே சொன்னவர். இவருக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

பத்மாசனி தலை குனிந்துகொண்டாள். நான் மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்தேன்.

"நாக்குத் தடுமாறுதோ பார்ப்பம். அதைக் கழற்றிப்போட்டு உங்கட பெயரைச் சொல்லுங்கோ, ஐயா."

கழற்றினேன். பெயர் சொல்லத் தேவைப்படவில்லை.

டொக்டர் கதிரையை விட்டு எழுந்து, "மாஸ்டர்..." என்று மரியாதையாக நின்றார்.