நன்றிக் கடிதம்

"சிவப்புப் பெயிண்ட் அடிச்ச டம்ளர் பைண்டரோடது. மத்ததோட சேர்த்துக் கழுவிடாதீங்க," என்றார் அச்சக மானேஜர், டீக்கார அம்மாவிடம்.

பைண்டர் காதில் விழட்டும் என்றுதான் அத்தனை சத்தம்.

பைண்டருக்கு ஹெபடைடிஸ் பி. கல்லீரலில் குடியேறும் கிருமி. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று லீவு எடுப்பான். போன மாசம் அவனுடைய மருந்துச் சீட்டு மேஜையில் கிடந்து குட்டு உடைந்தது. அன்றிலிருந்து டம்ளர் தனி, நாற்காலி தனி. வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஆளே தனி. ஊருக்கு வெளியே இருக்கிற பேப்பர் கிடங்குக்கு மாற்றிவிட்டார் மானேஜர். பதினஞ்சு வருஷம் புத்தகம் தைத்த கைக்கு, இனிமேல் கட்டு எண்ணுகிற வேலை.

"டம்ளர்ல ஒட்டாதுண்ணே. டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார்," என்றான் பைண்டர். "தினம் ஒரு மாத்திரை போடறேன். அடங்கித்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொழில்தான்."

"என்னைப் பாரு. மாத்திரைன்னா என்னன்னே தெரியாது. ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதே ஒரே ஒரு தரம்தான். அதுவும் ரத்தம் குடுக்க."

மானேஜர் தொப்பையைத் தட்டிக்கொண்டார். ரெண்டு மாசமாக அது ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. சாயங்காலமானால் செருப்புக்குள் நுழையாத அளவுக்குக் காலும் வீங்கும். வயசாகிறதில்லையா, சாப்பாடும் கொஞ்சம் தூக்கல் என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொள்வார் மனுஷர்.

ரத்தம் கொடுத்ததற்குச் சாட்சி, அவர் நாற்காலிக்கு மேலே ஃபிரேம் போட்டுத் தொங்கியது. பதினோரு வருஷத்துக்கு முன் ரத்த வங்கி அனுப்பிய கடிதம். 'தாங்கள் இரத்த தானம் செய்தமைக்கு மனமார்ந்த நன்றி.' வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டாமல் விடமாட்டார். நேற்று ஆணி பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்து, கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

"கிடங்குக்குப் போறதுக்கு முன்னால இதுக்கு மட்டும் புதுக் கண்ணாடி மாட்டிக் குடுத்துட்டுப் போ. கையுறை போட்டுக்கோ."

பைண்டர் கையுறை போட்டுக்கொண்டான். ஃபிரேமின் பின் அட்டையைக் கழற்றினான். கடிதம் நீளமானது. ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஃபிரேம் கடைக்காரர் அந்தக் காலத்திலேயே கீழ்ப்பாதியை மடித்துப் பின்னால் விட்டிருந்தார். மடிப்பை நீவியவன் கை அப்படியே நின்றது.

"என்னப்பா, கிழிச்சிட்டியா?"

"அண்ணே, இதை முழுசாப் படிச்சீங்களா?"

"நன்றின்னு போட்டிருக்கே. அதுக்கப்புறம் படிக்க என்ன இருக்கு?"

பைண்டர் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தான். ஊரார் எழுதியதையெல்லாம் புள்ளி விடாமல் திருத்துகிற மானேஜர், தனக்கு வந்த கடிதத்தை முதல் தடவையாக விரல் வைத்துப் படித்தார்.

'பரிசோதனையில் தங்கள் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி காணப்படுகிறது. தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரை அணுகவும்.'

மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பதினோரு வருஷம் ஆச்சே... பார்க்காம விட்டா என்ன ஆகும்?" என்றார் மானேஜர்.

"எல்லாருக்கும் ஆகாதுண்ணே. சில பேருக்குச் சத்தமே இல்லாம கல்லீரல் இறுகிப் போயிடும். வயித்துல நீர் கோத்துக்கும். கால் வீங்கும். புத்துநோய் வரைக்கும் போனவங்களும் உண்டு."

மானேஜர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. இப்பவும் மருந்து இருக்கு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு என் டாக்டர்கிட்ட டோக்கன் குடுப்பாங்க. நானே கூட்டிட்டுப் போறேன். அண்ணிக்கும் பிள்ளைங்களுக்கும்கூட டெஸ்ட் எடுத்துடலாம்."

மானேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, பைண்டரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதப்பா. என் டம்ளரைத் தனியா வெச்சிடுவாங்க."